கடைக்கு வரும் நானோ: ஆய்வகமும் கம்பெனியும் சேர்ந்து செய்யும் பொருட்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தண்ணீர் வடிகட்டி, சாக்ஸ், சன்ஸ்கிரீன், உரப் பாட்டில் என்று இப்போது எதை எடுத்தாலும் மேலே 'நானோ' என்று போட்டிருக்கிறது. சிலவற்றுக்குப் பின்னால் பல ஆண்டு உழைப்பு இருக்கிறது. சிலவற்றில் அட்டையில் இருக்கும் எழுத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. வாங்குகிறவர்கள், இப்படி ஒரு பொருள் செய்யலாமா என்று யோசிக்கும் சிறுதொழில்காரர்கள், ஆராய்ச்சி மாணவர்கள் ஆகிய மூன்று தரப்பும் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். தண்ணீர் வடிகட்டியைப் பற்றித்தான் அதிகம் பேசியிருக்கிறேன். சென்னையில் ஒரு வேதியியல் ஆய்வகத்தில் தொடங்கி வீட்டுச் சமையலறை வரைக்கும் போன விஷயம் அது.

நானோ என்றால் எவ்வளவு சிறியது? அவ்வளவு சிறிதாக்கி என்ன லாபம்?

ஒரு மீட்டரை நூறு கோடிப் பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர். 1 முதல் 100 நானோமீட்டர் வரை உள்ள துகள்களைத்தான் பொதுவாக நானோத் துகள் என்கிறார்கள். தலைமுடியின் தடிமன் சுமார் 80,000 நானோமீட்டர்.

லாபம் மேற்பரப்பில் இருக்கிறது. ஒரு சென்டிமீட்டர் பக்கம் கொண்ட வெள்ளிக் கட்டி பத்தரை கிராம் இருக்கும். அதன் ஆறு முகங்களையும் சேர்த்தால் 6 சதுர சென்டிமீட்டர். அதே கட்டியை 10 நானோமீட்டர் பக்கம் உள்ள கட்டிகளாக வெட்ட முடிந்தால் மொத்த மேற்பரப்பு 600 சதுர மீட்டர் ஆகிவிடும். சென்னைக் கணக்கில் இரண்டரை கிரவுண்டுக்கும் மேல். எடை அதே பத்தரை கிராம்தான். தண்ணீரில் இருக்கும் அசுத்தம் வெள்ளியைத் தொடுவது மேற்பரப்பில்தான் என்பதால், கொஞ்சம் வெள்ளியை வைத்தே நிறைய வேலை வாங்கலாம்.

அளவு குறையும்போது குணமும் மாறுகிறது. தங்கத்தை 15, 20 நானோமீட்டர் துகளாக்கித் தண்ணீரில் மிதக்கவிட்டால் அது சிவப்பாகத் தெரியும். கட்டியாக இருக்கும்போது எதோடும் சேராத உலோகம், துகளான பிறகு சில வினைகளில் இறங்குகிறது.

இதில் ஒரு தொல்லையும் உண்டு. இந்தத் துகள்களைச் சும்மா விட்டால் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும், கிடைத்த மேற்பரப்பும் போய்விடும். இல்லாவிட்டால் தண்ணீரோடு அடித்துக்கொண்டு போய்விடும். அதனால் எந்த நானோப் பொருளிலும் துகளைச் செய்வது பாதி வேலைதான். அதை ஓரிடத்தில் பிடித்து வைப்பது மீதிப் பாதி. இந்த இரண்டாவது பாதியில்தான் நல்ல பொருளும் மோசமான பொருளும் பிரிகின்றன என்பது என் கருத்து. கீழே வரும் பல பதில்கள் அதைப் பற்றியவை.

ஆய்வகமும் கம்பெனியும் சேர்ந்து உண்மையிலேயே சந்தைக்குக் கொண்டுவந்த பொருள் நம் பக்கத்தில் உண்டா?

உண்டு. ஐஐடி மெட்ராஸில் பேராசிரியர் தலப்பில் பிரதீப்பின் ஆய்வகத்தில் உருவான பூச்சிமருந்து வடிகட்டி.

2003 பிப்ரவரியில், டெல்லியில் உள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் பாட்டில் தண்ணீரில் பூச்சிமருந்து எச்சம் இருப்பதாக அறிக்கை வெளியிட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் குளிர்பானங்களைப் பற்றி இன்னொரு அறிக்கை வந்தது. நாடாளுமன்றக் கூட்டுக் குழு விசாரித்து 2004-இல் அந்த முடிவுகளைச் சரி என்றது. காசு கொடுத்து வாங்கும் தண்ணீரிலேயே இப்படி என்றால் போர் தண்ணீரில் என்ன இருக்கும் என்று நாடே பதறிய நேரம் அது.

அப்போது பிரதீப்பின் குழு பூச்சிமருந்தைத் தேடிக்கொண்டிருக்கவில்லை. உலோக நானோத் துகளோடு குளோரின் கலந்த கரிமச் சேர்மங்கள் எப்படி வினைபுரிகின்றன என்ற அடிப்படை ஆராய்ச்சியில் இருந்தார்கள். வெள்ளி நானோத் துகள் மிதக்கும் கரைசல் மஞ்சளாக இருக்கும். அதில் கார்பன் டெட்ராகுளோரைடு சேர்த்து அறை வெப்பத்திலேயே வைத்தால் மஞ்சள் நிறம் மெல்ல மங்கி மறைந்துவிடும். வெள்ளி குளோரினைப் பிடித்துக்கொண்டு வெள்ளி குளோரைடாகிறது, கார்பன் கரியாகத் தங்கிவிடுகிறது. சுலபத்தில் சிதையாத ஒரு சேர்மம், சூடேற்றாமலே உடைந்துபோகிறது. இதை 2003-இல் வெளியிட்டார்கள்.

எண்டோசல்ஃபான் என்ற பூச்சிமருந்திலும் குளோரின் இருக்கிறது. தங்கத் துகள் கரைசலில் எண்டோசல்ஃபானைச் சேர்த்தபோது சிவப்பு நீலமாக மாறியது. மருந்து துகளின் மேல் போய் ஒட்டுகிறது என்பதற்கு அதுவே அடையாளம். மாலத்தியான், குளோர்பைரிபாஸ் ஆகிய பூச்சிமருந்துகளையும் சோதித்தார்கள். அதன் பிறகு வந்ததுதான் பொருளுக்கான முக்கியமான படி. துகளைக் கரைசலிலேயே வைத்திருக்காமல் அலுமினா (அலுமினிய ஆக்சைடு) மணிகளின் மேல் படியவைத்தார்கள். மணிகளைக் குழாயில் நிரப்பித் தண்ணீரை விட்டால் மருந்து உள்ளே நின்றுவிடும், தண்ணீர் வெளியே வரும்.

காப்புரிமை எடுத்து, யுரேகா ஃபோர்ப்ஸ் நிறுவனத்துக்கு உரிமம் கொடுத்தார்கள். 2007-இல் அக்வாகார்ட் கோல்டு நோவா என்ற பெயரில் வடிகட்டி கடைக்கு வந்தது.

ஆய்வகத்தில் வேலை செய்கிறது என்று தெரிந்த பிறகு ஏன் இத்தனை ஆண்டு? நேராகத் தொழிற்சாலையில் செய்துவிடலாமே?

இந்தக் கேள்வி எல்லோரும் கேட்பது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் அளவு. ஆய்வகத்தில் ஒரு குடுவையில் சில கிராம் செய்வார்கள். கடைக்கு அனுப்ப வேண்டுமென்றால் டன் கணக்கில் வேண்டும். சின்னக் குடுவையில் சூடு எங்கும் ஒரே மாதிரி பரவும், கலக்கினால் சட்டென்று கலக்கும். பெரிய தொட்டியில் ஓரத்தில் ஒரு சூடு, நடுவில் ஒரு சூடு. துகளின் அளவு மாறிவிடும். இன்று செய்த சரக்கும் அடுத்த மாதம் செய்யும் சரக்கும் ஒன்றுபோல் இருக்க வேண்டும். ஆராய்ச்சிக் கட்டுரைக்கு அது தேவைப்படாமல் போகலாம். கம்பெனிக்கு அது இல்லாமல் முடியாது.

அடுத்தது தண்ணீர். ஆய்வகத்தில் பெரும்பாலும் சுத்திகரித்த நீரில் மருந்தைக் கலந்து சோதிப்பார்கள். வீட்டுக்கு வருவது அந்தத் தண்ணீர் இல்லை. வேளச்சேரியில் போர் போட்டால் வரும் தண்ணீர் வேறு, மெட்ரோ வாட்டர் வேறு, லாரித் தண்ணீர் வேறு. கால்சியம், மெக்னீசியம், சிலிகேட் எல்லாம் துகளின் மேல் படிந்து மூடிவிடும். முதல் நூறு லிட்டரில் அருமையாக வேலை செய்த வடிகட்டி ஆயிரமாவது லிட்டரில் வெறும் மணல் குழாயாகிவிடக்கூடும். உப்பும் குளோரினும் வெள்ளியோடு வினைபுரியும். இவற்றையெல்லாம் மாதக்கணக்கில் தண்ணீரை ஓடவிட்டுப் பார்த்தால்தான் கண்டுபிடிக்க முடியும்.

அடுத்து நேரம். வினை நடக்கத் துகளும் மருந்தும் கொஞ்ச நேரம் சேர்ந்திருக்க வேண்டும். வீட்டில் குடத்தை வைத்துக்கொண்டு நிற்பவருக்கோ குழாய் வேகமாகக் கொட்ட வேண்டும். மணிகளுக்கு நடுவே தண்ணீர் சுலபமான ஒரு பாதையைப் பிடித்துக்கொண்டு ஓடினால், பக்கத்தில் இருக்கும் மணிகள் சும்மா கிடக்கும். மணியின் பருமன், குழாயின் உயரம், நீரழுத்தம் ஆகியவற்றை அளந்து பார்த்துச் சரிசெய்வதில் வடிகட்டிக் கம்பெனியின் பொறியாளர்களுக்குத்தான் பழக்கம் அதிகம்.

பிறகு அளவிடுதல். பாட்டில் தண்ணீரில் எந்த ஒரு பூச்சிமருந்தும் லிட்டருக்கு 0.0001 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது, எல்லாம் சேர்ந்து 0.0005-ஐத் தாண்டக்கூடாது என்று இந்தியாவில் விதி வந்தது. 10,000 லிட்டர் டேங்கர் லாரி முழுக்க இருக்கும் தண்ணீரில் ஒரு மில்லிகிராம் மருந்து. அதைக் கண்டுபிடிக்கும் கருவியும் பயிற்சியும் வேண்டும். வடிகட்டி சுத்தம் செய்துவிட்டதா, அல்லது நம் கருவிக்குத் தெரியவில்லையா என்ற சந்தேகம் வரக்கூடாது.

கடைசியில் விலை. ஒரு கார்ட்ரிட்ஜில் எவ்வளவு வெள்ளி போகலாம், எத்தனை லிட்டருக்கு மாற்ற வேண்டும், மாற்றும் நாள் வந்துவிட்டது என்று வீட்டுக்காரருக்கு எப்படித் தெரியும், மாற்றிக் கொடுக்க ஆள் யார்? இவை ஆய்வகத்தில் எழாத கேள்விகள். விடை கிடைக்காவிட்டால் நல்ல கண்டுபிடிப்பும் கட்டுரையோடு நின்றுவிடும்.

இதற்கெல்லாம் விலை உயர்ந்த மூலப்பொருள்தான் வேண்டுமா?

இல்லை. 2009 டிசம்பரில் வந்த டாடா ஸ்வச் இதற்கு நல்ல உதாரணம். நெல் உமியை எரித்தால் கிடைக்கும் சாம்பலில் சிலிக்காவும் கரியும் இருக்கும், நுண்துளைகளும் நிறைய. உமிச் சாம்பல் வடிகட்டியை டாடாவின் புனே ஆராய்ச்சி மையம் அதற்கு முன்பே செய்திருந்தது. 2004 சுனாமிக்குப் பிறகு நிவாரணப் பணிகளில் அது பயன்பட்டது. கிருமிகளைக் கொல்ல அந்தச் சாம்பலில் வெள்ளி நானோத் துகளைப் படியவைத்து, மின்சாரமும் குழாய் இணைப்பும் தேவையில்லாத வடிகட்டியாக்கினார்கள். டாடா கன்சல்டன்சி, டாடா கெமிக்கல்ஸ், டைட்டன் ஆகிய மூன்று நிறுவனங்களும் இதில் பங்கேற்றன. கடிகாரம் செய்கிறவர்களுக்குத் துல்லியமாகப் பாகம் செய்யத் தெரியும் என்பதால் டைட்டன். அறிமுக விலை 749 ரூபாயில் தொடங்கியது. ஒரு வடிகட்டிக் குமிழ் 3,000 லிட்டர் வரைக்கும்.

இங்கேயும் பாருங்கள், வெள்ளியைப் பிடித்து வைத்திருப்பது சாம்பல்தான்.

வாங்குகிறவருக்குக் கையில் காசில்லை என்றால்? ஏழை ஊர்களுக்கு இது போகுமா?

மேற்கு வங்கத்தில் நிலத்தடி நீரில் ஆர்சனிக் கலந்திருக்கிறது. நிறமோ மணமோ கிடையாது. வருஷக்கணக்கில் குடித்தால் தோல் தடித்துப் புண்ணாகும், புற்றுநோய் வரும். உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் வரம்பு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். இப்படிப்பட்ட ஊரில் கடைவீதி வடிகட்டியை விற்றுச் சமாளிக்க முடியாது.

அதே பிரதீப் குழு இதற்கு அம்ரித் என்ற தொழில்நுட்பத்தைக் கொண்டுவந்தது. நண்டு, இறால் ஓடுகளிலிருந்து கிடைக்கும் கைட்டோசான் என்ற பொருளோடு இரும்பு ஆக்சிஹைட்ராக்சைடை நானோ அளவில் பிணைத்து, மணிமணியாக ஆக்கினார்கள். ஆர்சனிக் இரும்பைத் தேடிப்போய் ஒட்டிக்கொள்ளும். தயாரிப்பதும் சூடில்லாமல், தண்ணீரிலேயே, மின்சாரம் இல்லாமல் நடக்கிறது. இந்த வகைக் கலப்புப் பொருட்களைப் பற்றி 2013-இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்தின் இதழில் எழுதினார்கள். ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 2.5 டாலர் செலவில் சுத்தமான குடிநீர் கொடுக்க முடியும் என்று அதில் கணக்குக் காட்டியிருந்தார்கள்.

இதில் வாடிக்கையாளர் அரசாங்கம். ஊருக்குப் பொதுவான தொட்டியோடு சேர்த்துப் பொருத்துகிறார்கள். பெரிய கம்பெனிக்கு உரிமம் கொடுப்பதோடு நிற்காமல், ஆய்வகத்திலிருந்தே இன்னோநானோ ரிசர்ச் என்ற புதுக் கம்பெனியும் கிளம்பியது. ஒரே ஆய்வகத்திலிருந்து இரண்டு வேறு வழிகள். மேல்தட்டு, நடுத்தர வீடுகளுக்குக் கம்பெனியின் விற்பனைப் படை. ஆர்சனிக் ஊர்களுக்கு அரசும் தொடக்க நிறுவனமும். 2022-இல் பிரதீப்புக்கு வியட்நாமின் வின்ஃபியூச்சர் பரிசு கிடைத்தது இந்தத் தண்ணீர் வேலைக்காகத்தான்.

வெள்ளித் துகள் தண்ணீரோடு வயிற்றுக்குள் போகாதா?

சரியான கேள்வி. கம்பெனியிடம் தயங்காமல் கேட்க வேண்டிய கேள்வியும்கூட.

நன்றாகச் செய்த வடிகட்டியில் துகள் உள்ளேயே நிற்கும். அதிலிருந்து வெள்ளி அயனி மட்டும் மிகக் குறைந்த அளவில் கரைந்து வெளியே வரும். கிருமியைக் கொல்வது அந்த அயனிதான். மேலே சொன்ன 2013 கட்டுரையில் வரும் வெள்ளி சேர்த்த கலப்புப் பொருளில் அது லிட்டருக்கு ஏறக்குறைய 40 மைக்ரோகிராம். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐஎஸ் 10500 வெள்ளிக்கு வைத்திருக்கும் வரம்பு லிட்டருக்கு 0.1 மில்லிகிராம், அதாவது 100 மைக்ரோகிராம். வரம்புக்குள் இருக்கிறது. ஆனால் இது அந்தப் பொருளுக்கான கணக்கு. வேறொரு கம்பெனியின் வடிகட்டிக்கு வேறு கணக்கு வரும். அதைச் சோதனை அறிக்கையில்தான் பார்க்க வேண்டும்.

வெள்ளிக் கரைசலை மருந்து என்று சொல்லி நேரடியாகக் குடிக்க விற்பவர்களும் உண்டு. அதைத் தொடர்ந்து குடித்தவர்களுக்குத் தோல் நிரந்தரமாகச் சாம்பல் நீலமாக மாறிய நிகழ்வுகள் மருத்துவத்தில் பதிவாகியிருக்கின்றன. தயவுசெய்து வாங்காதீர்கள்.

துணியில் நானோ வெள்ளி பூசுவது பற்றி? திருப்பூர்க்காரர்கள் இறங்கலாமா?

வியர்வை நாற்றம் பாக்டீரியாவால் வருவது. துணியில் வெள்ளி இருந்தால் பாக்டீரியா பெருகாது. விளையாட்டு உடை, சாக்ஸ், உள்ளாடை, மருத்துவத் துணி எல்லாவற்றிலும் இதற்குத் தேவை இருக்கிறது. செய்முறையும் ஃபினிஷிங் தெரிந்தவர்களுக்குப் புதிதில்லை. கரைசலில் துணியை முக்கிப் பிழிந்து, உலர்த்தி, பூச்சு இறுகச் சூட்டில் க்யூரிங் செய்ய வேண்டும்.

சிக்கல் துவைக்கும்போது வரும். 2008-இல் அமெரிக்காவின் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கடையில் விற்ற வெள்ளி சாக்ஸ்களைத் தண்ணீரில் அலசி, வெளியேறிய வெள்ளியை அளந்தார்கள். சிலவற்றில் வெள்ளி கொஞ்சமும் போகவில்லை. சிலவற்றில் சில அலசல்களிலேயே ஏறக்குறைய மொத்தமும் போய்விட்டது. எல்லாமே வெள்ளி போட்டது என்று விற்ற சாக்ஸ்தான். துகளைப் பிடித்து வைப்பதில்தான் வித்தியாசம்.

திருப்பூருக்கு இதில் கூடுதல் கவலை ஒன்று இருக்கிறது. சென்னை உயர் நீதிமன்றம் 2011-இல் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு, கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடாத நிலைக்கு வரத் தொழில் எவ்வளவு பாடுபட்டது என்று எல்லோருக்கும் தெரியும். பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் கழிவைத் தின்று தீர்ப்பது பாக்டீரியா. நாம் பூசுவதோ பாக்டீரியாவைக் கொல்லும் பொருள். அது கழிவுநீரில் போனால் நிலையத்தையே பாதிக்கும். அதனால் ஆர்டர் எடுப்பதற்கு முன்பே, பூச்சுக் கரைசலில் எவ்வளவு துணியில் நிற்கிறது, எவ்வளவு சாக்கடைக்குப் போகிறது என்ற கணக்கை ஆய்வகத்தோடு உட்கார்ந்து போட்டுவிடுங்கள். எத்தனை துவைப்புக்குப் பிறகும் பாக்டீரியா குறைகிறது என்ற சோதனையையும் செய்யுங்கள். வெளிநாட்டு வாங்குபவர்கள் இதை எப்படியும் கேட்பார்கள்.

கட்டுரை முதலிலா, காப்புரிமை முதலிலா?

காப்புரிமை. இதில் மாணவர்கள் அவசரப்பட்டு இழப்பதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. மாநாட்டில் போஸ்டர் ஒட்டினாலே விஷயம் வெளியாகிவிட்டதாக எடுத்துக்கொள்ளப்படலாம். முதலில் தற்காலிக விண்ணப்பம் போடுங்கள். முழு விவரம் தர 12 மாதம் அவகாசம் உண்டு. விண்ணப்பம் போட்டதற்கு அடுத்த நாளே கட்டுரையை அனுப்பலாம். காப்புரிமை 20 ஆண்டுக்குச் செல்லும்.

நானோ ஆராய்ச்சிக்கென்றே தெரிந்திருக்க வேண்டிய ஒன்று: இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 3(டி) பிரிவு. ஏற்கனவே தெரிந்த பொருளின் புதிய வடிவம் என்பதற்காக மட்டும் காப்புரிமை கிடைக்காது. செயல்திறன் கணிசமாக உயர்ந்ததாகக் காட்ட வேண்டும். அந்தப் பிரிவின் விளக்கத்தில் 'துகளின் அளவு' என்பது பெயர் சொல்லியே குறிப்பிடப்பட்டிருக்கிறது. ஆக, தெரிந்த மருந்தை நானோ ஆக்கினேன் என்றால் போதாது. நானோ ஆக்கியதால் எவ்வளவு கூடுதலாக வேலை செய்கிறது என்ற தரவு கையில் இருக்க வேண்டும்.

கம்பெனியோடு எப்படிப்பட்ட ஒப்பந்தம் போடுவார்கள்?

மூன்று வகை அதிகம். கம்பெனி பணம் கொடுத்துத் தன் பிரச்சினைக்கு விடை கேட்பது. இரண்டு பேரும் சேர்ந்து ஆராய்ந்து உரிமையைப் பங்கிடுவது. ஆய்வகத்தின் காப்புரிமைக்கு உரிமம் வாங்கி, முன்பணமும் விற்பனையில் ராயல்டியும் தருவது.

பேச்சு எங்கே முறியும் என்றால், பெரும்பாலும் மூன்று இடங்களில்: உரிமம் ஒருவருக்கு மட்டுமா பலருக்குமா, மாணவர் தன் ஆய்வேட்டை எப்போது வெளியிடலாம், கம்பெனி பொருளைச் செய்யாமல் உரிமத்தைப் பூட்டி வைத்துக்கொண்டால் என்ன செய்வது. கடைசியில் சொன்னதற்கு ஒரு காலக்கெடு எழுதிக்கொள்ளுங்கள். குறித்த ஆண்டுக்குள் சந்தைக்கு வராவிட்டால் உரிமம் திரும்பிவிடும் என்று ஒரு வரி போதும். பொதுப் பணத்தில் நடந்த ஆராய்ச்சி என்றால் அந்த வரி கட்டாயம் வேண்டும் என்றே சொல்வேன். 2007-இல் தொடங்கிய மத்திய அரசின் நானோ மிஷன் ஐந்து ஆண்டுக்கு 1,000 கோடி ரூபாய் ஒதுக்கீட்டோடு வந்தது. இந்தத் துறையில் நம் ஆய்வகங்களில் இருக்கும் கருவிகளில் பல அந்தப் பணத்தில் வந்தவை.

சின்னத் தொழில் நடத்துகிறேன். எலக்ட்ரான் நுண்ணோக்கி வாங்க வழியில்லை. எங்கே போவது?

வாங்க வேண்டாம். ஐஐடி மெட்ராஸில் சைஃப் என்ற நுட்பக் கருவி மையம் வெளியாட்களின் மாதிரிகளையும் கட்டணத்துக்குச் சோதித்துத் தருகிறது. நாடு முழுக்க எந்தக் கருவி எங்கே இருக்கிறது என்று பார்த்துப் பதிவு செய்ய ஐ-ஸ்டெம் என்ற அரசு இணையதளம் இருக்கிறது. துணி என்றால் கோவையில் சிட்ரா என்ற ஜவுளி ஆராய்ச்சி அமைப்பு, தோல் என்றால் அடையாறில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம், பேட்டரி, முலாம், துரு சம்பந்தப்பட்டது என்றால் காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம். தரமணியில் ஐஐடி ஆராய்ச்சிப் பூங்காவில் கம்பெனிகளும் ஆய்வகங்களும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. முதல் மாதிரி செய்யப் பணம் வேண்டுமென்றால், உயிரியல், மருத்துவம் சார்ந்த யோசனைகளுக்கு மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்ப நிறுவனமான பைராக்கின் பிக் திட்டம் 50 லட்சம் ரூபாய் வரை மானியம் தருகிறது.

போகும்போது "நானோவில் ஏதாவது செய்யணும்" என்று போகாதீர்கள். "என் துணி இருபது துவைப்புக்குப் பிறகு நாறுகிறது" என்று போங்கள். பேராசிரியருக்கு வேலை தொடங்க அது போதும்.

தண்ணீர், துணி தவிர வேறு?

மாம்பழம். கோவையில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம், கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகம், இலங்கையின் தொழில்நுட்ப நிறுவனம் ஆகியவை சேர்ந்து ஹெக்சனால் என்ற பொருளை வைத்துப் பழத்தின் ஆயுளை நீட்டிக்கும் முறைகளை உருவாக்கின. ஹெக்சனால் செடிகளிலேயே இயற்கையாக இருப்பது. பழம் கனியும்போது செல் சவ்வைச் சிதைக்கும் ஒரு நொதியை அது மட்டுப்படுத்துகிறது. அறுவடைக்கு முன் மரத்தில் தெளிக்கலாம், பறித்த பின் முக்கியும் எடுக்கலாம்.

இலங்கையில் 2008-இல் அரசும் பிராண்டிக்ஸ், மாஸ், ஹேலீஸ், டயலாக், லோட்ஸ்டார் ஆகிய கம்பெனிகளும் சேர்ந்து ஸ்லின்டெக் என்ற நானோ ஆய்வு நிறுவனத்தையே தொடங்கினார்கள். கம்பெனிகள் ஆரம்பத்திலேயே பங்குதாரர்களாக உள்ளே இருப்பது அங்கே உள்ள வித்தியாசம். யூரியாவை ஹைட்ராக்சிஅபடைட் என்ற கால்சியம் பாஸ்பேட் கனிமத்தின் நானோத் துகளோடு பிணைத்து மெதுவாகக் கரையவைக்கும் அவர்களது உரம், நெல் வயலில் பாதி யூரியாவிலேயே விளைச்சலைக் காப்பாற்றியதாக 2017-இல் கட்டுரை வந்தது.

நானோ யூரியா பாட்டில் பற்றி இத்தனை சர்ச்சை ஏன்?

உரக் கூட்டுறவு நிறுவனமான இஃப்கோ, இலையில் தெளிக்கும் இந்த உரத்தை 2021-இல் அறிமுகப்படுத்தியபோது, 500 மில்லி பாட்டில் ஒன்று 45 கிலோ யூரியா மூட்டைக்கு ஈடு என்றது. நீங்களே கணக்குப் போடுங்கள். அந்த பாட்டிலில் தழைச்சத்து 4 சதவீதம், அதாவது 20 கிராம். மூட்டையில் 46 சதவீதம், 20 கிலோவுக்கும் மேல். இலை வழியாகப் போவதால் வீணாவதில்லை என்பது இஃப்கோவின் வாதம். வீணாவது குறையலாம், ஆனால் இருபது கிராம் இருபது கிலோவின் வேலையைச் செய்யப் பயிருக்கு வேறெங்கிருந்தாவது தழைச்சத்து வந்தாக வேண்டும். 2023-இல் கோபன்ஹேகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்த உரிமைகோரலைக் கேள்விக்கு உட்படுத்தி எழுதினார்கள். பஞ்சாப் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் இரண்டு ஆண்டு வயல் சோதனையில், வழக்கமான உரத்தைக் குறைத்து இதைத் தெளித்தபோது நெல்லும் கோதுமையும் விளைச்சல் குறைந்தன.

ஆராய்ச்சியும் தொழிலும் கைகோக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவன் நான். அதனாலேயே இது எனக்கு வலிக்கிறது. சுதந்திரமான பல ஆண்டு வயல் சோதனை முடிவதற்குள் விற்பனை ஓடிவிட்டால், நஷ்டம் விவசாயியின் தலையில்தான் விழும்.

பாக்கெட்டில் 'நானோ' என்று போட விதி இருக்கிறதா?

ஐரோப்பிய ஒன்றியத்தில் அழகுசாதனப் பொருளில் நானோப் பொருள் இருந்தால், 2013 ஜூலை முதல் பொருட்பட்டியலில் அதன் பெயருக்குப் பக்கத்தில் நானோ என்று அடைப்புக்குறிக்குள் போட்டாக வேண்டும். உணவில் வெண்மைக்காகச் சேர்த்துவந்த டைட்டானியம் டை ஆக்சைடை 2022-இல் அங்கே தடை செய்துவிட்டார்கள். இந்தியாவில் நானோ மருந்துகளை மதிப்பிட 2019-இலும், வேளாண் இடுபொருள், உணவுப் பொருள்களுக்கு 2020-இலும் வழிகாட்டு நெறிகள் வந்தன. ஏற்றுமதி செய்கிறவர்கள் ஐரோப்பிய விதியை முதலிலேயே படித்துவிடுவது நல்லது.

கடையில் வாங்கும்போது என்ன கேட்க வேண்டும்?

எந்தப் பொருளின் நானோத் துகள்? எதன் மேல் பிடித்து வைத்திருக்கிறது? வெளியே கசிவது எவ்வளவு, சோதித்தது யார்? எத்தனை லிட்டர் அல்லது எத்தனை துவைப்பு தாங்கும்? விற்பனையாளருக்குத் தெரியாமல் இருக்கலாம், கம்பெனியின் வாடிக்கையாளர் எண்ணில் கேளுங்கள். வெளி ஆய்வகத்தின் அறிக்கையை அனுப்பிவைக்கிறவர்களை நம்பலாம். "ஜெர்மன் டெக்னாலஜி சார்" என்பதோடு நிறுத்திக்கொண்டால் வேறு கடை பாருங்கள்.

தீர்ந்துபோன கார்ட்ரிட்ஜைக் குப்பையில் போடலாமா?

சர்வீஸ் ஆள் புதியதைப் போடும்போது பழையதை அவரிடமே கொடுத்துவிடுங்கள். திரும்ப எடுத்துக்கொள்ள ஏற்பாடு உண்டா என்று வாங்கும்போதே கேட்பது இன்னும் நல்லது. அதில் வெள்ளியும், பிடித்து வைத்த மருந்தும் இருக்கின்றன. ஆர்சனிக் வடிகட்டி என்றால் வீட்டுக் குப்பையில் போடவே கூடாது. பயன்படுத்திய மணிகளிலிருந்து ஆர்சனிக் மண்ணில் கசிகிறதா என்று பார்க்கத் தனிச் சோதனை இருக்கிறது. ஊரில் வடிகட்டி நிலையம் வைக்கும்போதே அந்தச் சோதனை அறிக்கையையும், பழைய மணிகளை எடுத்துச் செல்லும் பொறுப்பு யாருடையது என்பதையும் பஞ்சாயத்து எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.